டப்பாப் பட்டாணியும் நீல மருந்தும்

5-1-84, வியாழன்

புது டைரி. முதல் நான்கு நாட்கள் குளிருக்குப் போயின. போர்வையை விட்டுக் கை வெளியே வரவில்லை. இன்று எழுதியே ஆக வேண்டும். ஊசி வாங்க ஒண்டிக்கடை பஜாருக்குப் போனவள் ஊசி வாங்காமல் திரும்பி வந்திருக்கிறேன். வழியில் மரியதாஸைப் பார்த்ததுதான் காரணம்.

பழைய டைரியைத் திரும்பப் புரட்டிக் கண் கலங்காமல் இருக்க ஒரு சுருக்கம் எழுதி வைக்கிறேன். மரியதாஸ் கிளியூர்ப் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். கோயில் பாடகர் குழுவில் கட்டைக் குரல் அவருடையது. நாற்பத்தொன்பது வயது வரை கல்யாணம் என்ற பேச்சே எடுக்காதவர் போன அக்டோபரில், "ஏனுங்க டீச்சர், நாம ரெண்டு பேரும் ஒரு ஊட்டுல இருந்தா என்னங்க?" என்று கேட்டார். தையல் டீச்சர் லூர்துசெல்வியும் (நான்தான்) தன் நாற்பத்து மூன்றாவது வயதில், கொஞ்சமும் யோசிக்காமல், சரி என்றாள். டிசம்பரில் சேலத்து டாக்டர் அவருக்குச் சர்க்கரை வியாதி என்றார். அன்றோடு மனிதர் பின்வாங்கிவிட்டார். அவருடைய அப்பாவுக்கும் இதே வியாதிதான். கால் எடுத்து, படுக்கையில் கிடந்து, அம்மா பல வருஷம் பார்த்துப் பார்த்தே ஓய்ந்து போனாராம். "உங்கள நர்ஸ் வேலைக்குக் கூட்டிட்டுப் போக எனக்கு மனசில்லீங்க."

நான் சண்டை போட்டதில் ஒரு சலுகை கிடைத்தது. சிறுநீர்ச் சோதனையில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அவருக்கே நம்பிக்கை வந்தால், பங்குச் சாமியாரிடம் போய்க் கல்யாணத்துக்குப் பெயர் கொடுப்பார். கல்யாண அறிவிப்பு ஓலையை மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்க வேண்டும். மார்ச் ஏழு சாம்பல் புதன், தவக்காலம் ஆரம்பம். தவக்காலத்தில் கல்யாணம் இல்லை. எஸ்டேட்டை வாங்கியிருக்கும் புது முதலாளியோ, குடும்பம் இல்லாத ஆள்தானே என்று இவரைத் தன் குடகு எஸ்டேட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார். பிப்ரவரிக்குள் பதில் வேண்டுமாம். ஆக, அதற்குள் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் குடகு, நான் பொத்தான் துளை.

இன்று வழியில் என்ன சொன்னார் தெரியுமா? டாக்டர் காய்கறி நிறையச் சாப்பிடச் சொன்னாராம். அதனால் தினமும் டப்பாக் காய் சாப்பிடுகிறாராம்! எஸ்டேட்டை விற்ற பழைய துரைசானி ஊருக்குப் போகும்போது ஒரு ஸ்டோர் ரூம் நிறைய டப்பாக்களை இவருக்கு விட்டுப் போயிருக்கிறார். பட்டாணி, பீன்ஸ், கேரட், மக்காச்சோளம். காப்பிப் பழம் பறிக்கிற சீசனில் சமைக்க நேரமில்லை. கத்தியால் டப்பாவைக் கிழித்து, சுட வைத்து, சோற்றில் கொட்டிக்கொள்கிறார். சர்க்கரை மட்டும் இறங்கவில்லை.

எந்த டப்பா நல்லது, எது கெட்டது என்று நான் கண்டுபிடிக்கப் போகிறேன்.

8-1-84, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் ஒரு பையை நீட்டினார். ஒவ்வொரு வகையிலும் ஒரு டப்பா. பாடகர் குழு முழுவதும் பார்த்தது. பூ கொடுத்திருந்தால்கூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டார்கள்.

11-1-84, புதன்

சேலத்திலிருந்து நீல மருந்து வந்துவிட்டது. அவர் வீட்டில் வைத்திருக்கும் அதே மருந்து. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் அதற்கு மேல், பிறகு ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம். இருபது வருஷமாக எம்பிராய்டரி நூல் பிரிக்கிறவளுக்கு இது என்ன பெரிய வித்தை?

சிறுநீருக்குப் பதில் டப்பாத் தண்ணீரை விட்டேன். சர்க்கரை இருந்தால் மருந்து காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? முடிவு:

பீன்ஸ் - ஆரஞ்சு. அட பாவி, எவ்வளவு சாதுவாக இருந்தாய்!

கேரட் - செங்கல். எதிர்பார்த்ததுதான்.

மக்காச்சோளம் - பச்சை. சந்தேகக் கேஸ்.

பட்டாணி - நீலம். சுத்தமான, மாதா அங்கி நீலம். இரண்டாம் முறையும் அப்படியே.

சமையலறையில் தனியாக நின்று கை தட்டினேன்.

12-1-84, வியாழன்

எஸ்டேட்டில் பறிப்புக் கங்காணியாக இருக்கும் சின்னத்தாயி பஜாருக்கு வந்தாள். அவளிடம் சொல்லி அனுப்பினேன்: பீன்ஸும் கேரட்டும் தொடவே கூடாது. பட்டாணி மட்டும் சாப்பிடலாம், எவ்வளவு வேண்டுமானாலும்.

"ஏனுங்க டீச்சரம்மா, மாப்பிள்ளைக்கு விருந்து வெக்கறதுக்கு முந்தியே பத்தியமுங்களா?" என்று சிரித்துக்கொண்டே போனாள். மாப்பிள்ளை என்றாள். நான் திருத்தவில்லை.

17-1-84, செவ்வாய்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. ஆறாம் வகுப்புக்குச் சங்கிலித் தையல். என் கல்யாணப் புடவை என்ன நிறம் என்று யோசித்ததில் மூன்று பெண்களுக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

21-1-84, சனி

எல்லாம் போச்சு.

சின்னத்தாயி வந்தாள். "ரைட்டரய்யா நொம்ப ஒடஞ்சு போயிட்டாருங்க. நீங்க சொன்னீங்கன்னு பட்டாணியத் தவிர வேற தொடுலீங்க. குழாயில நெறம் செங்கல்லாவே வருதாமா. காப்பி எடை போடறப்ப ஆருகிட்டயும் பேசறதில்லீங்க."

அவர் சொல்லி அனுப்பிய வார்த்தை: "டீச்சர் நல்லதுக்குத்தான் பாடுபட்டாங்க. இது எறங்கற சர்க்கரை இல்லை. முதலாளிகிட்ட குடகுக்குச் சரின்னு சொல்லிரலாமுன்னு இருக்கேன்."

எப்படி? நீலமாத்தானே இருந்தது? ரெண்டு தடவை பாத்தேனே? என் கண்ணா, மருந்தா, அந்தப் பட்டாணியா - எது என்னை ஏமாத்துச்சு?

23-1-84, திங்கள்

ஜெயமேரியைக் கொல்லலாம், கட்டிப்பிடித்தும் கொஞ்சலாம். அவள் எங்கள் பள்ளி சயின்ஸ் டீச்சர், பக்கத்து வீடு, என்னைக் கேலி செய்யாமல் அவளுக்குச் சோறு இறங்காது. மதியம் அவளிடம் அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பட்டாணி டப்பாவைத் திருப்பி, அதன் முதுகில் இருந்த பொடி எழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வாசித்தாள்.

"பட்டாணி, தண்ணி, சக்கரை, உப்பு. ஏண்டி செல்வி, உனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதா?"

"சக்கரை போட்டிருந்தா மருந்து ஏன் நீலமாவே நிக்குது?"

அவள் ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி சீனியைக் கரைத்து, அதில் எட்டுச் சொட்டு எடுத்து, மருந்தில் விட்டுக் காய்ச்சினாள். நீலம். மாதா அங்கி நீலம்!

"கரும்புச் சக்கரை இந்த மருந்துக்கு அகப்படாது. பட்டாணி, சோளத்துல இருக்கற மாவும் அகப்படாது. வயித்துக்குள்ள போய் உடைஞ்சு ரத்தத்துல கலந்தப்பறம்தான் தெரியும். பீன்ஸ்ல இருக்கற சக்கரை துளியூண்டு. ஆனா இந்த மருந்துல உடனே நெறம் காட்டற சாதி. நீ நல்லவனப் புடிச்சு ஜெயில்ல போட்டுட்டு, திருடனுக்கு விருந்து வெச்சிருக்க." பிறகு பெஞ்சில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "டப்பாவுக்கே மூத்திரப் பரிசோதனை பண்ணுன மொத ஆளு இந்த மலையில நீதாண்டி."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. பாவம், எவ்வளவு பட்டாணி தின்றாரோ.

28-1-84, சனி

நேரே எஸ்டேட்டுக்கே போய்விட்டேன். பழம் அரைக்கிற மெஷின் சத்தத்தில் மன்னிப்பைக் கத்திக் கேட்க வேண்டியிருந்தது. "நாந்தாங்க உங்க சர்க்கரைய ஏத்திவிட்டேன்!" என்று நான் கத்தியபோது மெஷின் நின்றுவிட்டது. பறிப்பு ஆட்கள் அத்தனை பேரும் கேட்டார்கள்.

முழுக் கதையையும் சொன்னேன். சீனித் தண்ணீர்க் கட்டம் வந்ததும் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. டிசம்பருக்குப் பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். அந்தக் கட்டைக் குரலில் சிரித்தால் ஷெட் தகரம் அதிர்கிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த மனிதரைக் குடகுக்கு அனுப்ப முடியாது என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

புது ஏற்பாடு ஜெயமேரி சொல்லிக் கொடுத்தது. டப்பாவைச் சோதிக்கக் கூடாது, சாப்பிட்டவரைச் சோதிக்க வேண்டும். டப்பாத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காயை அலசிக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே காய், அதே அளவு சோறு, இரண்டு மணி நேரம் கழித்துச் சோதனை. வியாதி இல்லாத ஒருவரும் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டால்தான் ஒப்பிட முடியும் என்றும் சொன்னாள். வியாதி இல்லாத அந்த ஒருவர் நான்.

அவருக்கு நிறம் சொல்ல வராது. "ஒரு மாதிரி பச்சைங்க" என்பார். அதனால் ஐந்து நிற நூலிலும் துண்டு துண்டாகக் கத்தரித்துக் கொடுத்தேன். குழாயின் நிறத்துக்குப் பொருந்தும் நூலைச் சின்னத்தாயியிடம் கொடுத்தனுப்ப வேண்டும். "உங்க நூலையும் அனுப்புங்க டீச்சர், நானும் ஒப்பிட்டுப் பாக்கோணுமல்ல" என்றார். குடகுக்கு இன்னும் பதில் சொல்லவில்லையாம்.

1-2-84, புதன்

பீன்ஸ். சின்னத்தாயி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்: பச்சை நூல்! செங்கலிலிருந்து பச்சை! நான் அவருக்கு நீலம் அனுப்பினேன். பீன்ஸிடம் மனதார மன்னிப்புக் கேட்டேன்.

3-2-84, வெள்ளி

மறுபடியும் பீன்ஸ். மறுபடியும் பச்சை, அதுவும் நீலத்தை ஒட்டின பச்சை. சின்னத்தாயிக்கே இப்போது நிறம் புரிகிறது. "இன்னிக்கு நல்ல நூலுங்க" என்று தூரத்திலேயே கத்துகிறாள்.

5-2-84, ஞாயிறு

கேரட். அவர் மஞ்சள். எனக்கு லேசாகப் பச்சை அடிக்கிறது. மருந்து பழசாகிவிட்டது போலிருக்கிறது. நீலம் என்றே கொடுத்தேன்.

பூசையில் அவர் ஒரு பாட்டு கூடத் தப்பாமல் பாடினார்.

7-2-84, செவ்வாய்

மக்காச்சோளம். அவர் ஆரஞ்சு. சரி, சோளத்தின் கதை முடிந்தது, எருமைக்குப் போடலாம்.

ஆனால் என் குழாய் மஞ்சள். குழாயைச் சரியாகக் கழுவவில்லை. நாளைக்குச் சுடுதண்ணீரில் கழுவ வேண்டும்.

8-2-84, புதன்

கழுவினேன். ஜெயமேரியிடம் புது மருந்து வாங்கினேன். அவருக்கு இன்று லீவு கொடுத்துவிட்டு நான் மட்டும் பட்டாணியும் சோறும் சாப்பிட்டேன்.

ஆரஞ்சு.

எனக்கா? எனக்கு எப்படிங்க? நான் நல்லாத்தானே இருக்கேன்? தண்ணி தவிக்குது, அது வெயில்ல - இந்தக் குளிர்ல ஏது வெயில்? ராத்திரி எந்திரிக்கறது குளிருக்குன்னுதானே நெனச்சேன். மாதாவே. பயமா இருக்கு.

9-2-84, வியாழன்

சின்னத்தாயியிடம் நீல நூல் கொடுத்தனுப்பினேன். பொய் நூல்.

ஜெயமேரியிடம் மட்டும் சொன்னேன். முதல் தடவையாக அவள் கேலி செய்யவில்லை. "நாளைக்கு லீவு போடு. நானும் வாரேன்" என்றாள்.

10-2-84, வெள்ளி

சேலம். வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், சாப்பிட்டு ஒரு ரத்தம். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். சர்க்கரைதான். ஆரம்பத்திலேயே அகப்பட்டது என் அதிர்ஷ்டமாம். சாப்பாட்டைக் கட்டினால், மாத்திரை போட்டால், ஊசி வேண்டாமாம். "எப்படிம்மா இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். டப்பாச் சோளத்தால் என்று சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு ஜெயமேரியைப் பார்த்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெயமேரி பயந்துவிட்டாள். "என்னடி ஆச்சு?"

"அவருக்கு வியாதி, எனக்கு இல்லைன்னுதானே கல்யாணம் வேண்டாம்னார்?"

அவளுக்கும் புரிந்துவிட்டது. பிறகு பஸ் முழுவதும் திரும்பிப் பார்க்கிற மாதிரி இரண்டு பேரும் சிரித்தோம். பயம் போகவில்லை. பயத்தோடுதான் சிரித்தேன்.

13-2-84, திங்கள்

காலையில் சின்னத்தாயியிடம் ஆரஞ்சு நூல் கொடுத்தனுப்பினேன். "இது அவரு நூல் இல்ல, என் நூல்னு சொல்லு. நீலம் குடுத்தது பொய்னு சொல்லு. சேலம் டாக்டரும் பாத்தாச்சுன்னு சொல்லு."

மதியத்துக்குள் ஆள் வந்து நிற்கிறார். எட்டாம் வகுப்புக்குக் காலர் வெட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். தையல் அறை வாசலில், காப்பி எடைபோடுவதைப் பாதியில் விட்டுவிட்டு, முழங்கால் வரை சேறோடு. கையில் அந்த நூல்.

"ஏனுங்க, டாக்டர் என்ன சொன்னாருங்க? மாத்திரை போட்டீங்களா? காலுல ஏதாச்சும் மரத்துப் போற மாதிரி இருக்குதுங்களா? தனியா வேற இருக்கறீங்க. ராத்திரி கிறுகிறுன்னு வந்தா ஆரு பாக்கறது?" ஒரே மூச்சில். பிறகு, "இனி நீங்க தனியா இருக்கப்படாதுங்க. இன்னிக்கே சாமியாரப் பாக்கறேன்" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் பாட்டு. ஆனால் இரண்டு மாதமாக நான் பட்டது சும்மா விடுமா? கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னேன்: "உங்கள நர்ஸ் வேலைக்குக் கூட்டிட்டு வர எனக்கு மனசில்லீங்க."

அவர் முகம் போன போக்கு! பெண்கள் பொத்தானைப் பார்ப்பதுபோல் தலை குனிந்து சிரித்தார்கள். "அது வந்துங்க... அது வேறங்க... பாத்துக்கறது ஒரு கஷ்டமாங்க?" என்றார்.

"அதையேதான் நானும் டிசம்பர்ல கேட்டேன்."

நூலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ரொம்பத்தான் சீண்டிவிட்டேனோ?

14-2-84, செவ்வாய்

செய்தி இல்லை. சின்னத்தாயியும் வரவில்லை. அந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

15-2-84, புதன்

செய்தி இல்லை. பீன்ஸ் சாப்பிட்டேன். பச்சை. யாரிடம் காட்டுவது?

16-2-84, வியாழன்

மாலையில் சாமியார் ஆள் அனுப்பினார். போனால் அறையில் மரியதாஸ், வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்த தலை, நாற்காலி நுனியில். சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இவரு ரெண்டு நாளா வந்து உட்கார்ந்துக்கிட்டு, பேர் குடுக்கோணும், ஆனா டீச்சர் சம்மதம் தெரியலைங்கறார். நீயே சொல்லும்மா" என்றார்.

நான் மரியதாஸைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"எங்கம்மா அழுதுகிட்டேதான் எங்கப்பாவப் பாத்துச்சுன்னு நெனச்சுட்டிருந்தனுங்க" என்றார். "இந்த மூணு நாளா நீங்க சோறு தின்னீங்களா, மாத்திரை போட்டீங்களான்னே நெனப்பு. அது பாரமா இல்லீங்க. எங்கம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமாட்ட. எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

சம்மதம் என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல மூக்கைச் சிந்த வேண்டியிருந்தது.

19-2-84, ஞாயிறு

முதல் ஓலை. சாமியார் எங்கள் பெயரை வாசித்ததும் கோயிலில் ஒரு சலசலப்பு. ஜெயமேரி பின் பெஞ்சிலிருந்து என் முதுகில் குத்தினாள். அடுத்த பாட்டை அவர் இரண்டு சுருதி மேலே எடுத்துவிட, பாடகர் குழு திணறியது.

26-2-84, ஞாயிறு

இரண்டாம் ஓலை. புது முதலாளியிடம் குடகுக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டாராம். "ஊட்டுக்காரிக்கு இந்த ஊரு மருந்துதானுங்க ஒத்துக்குது" என்று காரணம் சொன்னாராம். இன்னும் ஊட்டுக்காரி ஆகவே இல்லை!

5-3-84, திங்கள்

கல்யாணம். விருந்தில் பீன்ஸ் பொரியல். பட்டாணி இல்லை. புடவை நீலம்.

7-3-84, புதன்

நெற்றியில் சாம்பலோடு இரண்டு பேரும் கோயிலிலிருந்து நடந்து வந்தோம். தவம் செய்ய வேண்டிய நாளில் இவ்வளவு சந்தோஷமாக இருக்கலாமா என்று கேட்டேன். "மெதுவா இருங்க, சாமியாருக்குக் கேட்டுறப் போகுது" என்றார்.

12-4-84, வியாழன்

முதல் தடவையாக இரண்டு பேரும் சேர்ந்து சேலம் போனோம். பஸ்ஸில் அவர் என் மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அவர் மாத்திரை என் கைப்பையில். இரண்டு பேருக்கும் சர்க்கரை இறங்கியிருக்கிறது.

எங்கள் டாக்டர் லீவு; பதிலுக்கு வந்திருந்த டாக்டருடைய அறையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. மரியதாஸ் என்னை உட்காரச் சொல்ல, நான் அவரை உட்காரச் சொல்ல, இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இதுல பேஷண்ட் யாரு, பாத்துக்கறதுக்குக் கூட வந்தவங்க யாரு?"

நான் அவரைக் காட்டி, "இவருதான் பேஷண்ட்" என்றேன். அதே நேரத்தில் அவரும் என்னைக் காட்டி அதையேதான் சொன்னார்.